மாநிலம் மாறுகிறீர்களா? முதலில் மருந்தைக் கட்டுங்கள்!



வீடு மாற்றுவது என்றால் நம் குடும்பங்களில் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஒரு மாதத்துக்கு முன்பே நல்ல நாள் பார்க்கிறோம். லாரிக்கு முன்பணம் கொடுக்கிறோம். சாமிப் படத்தைத் துணியில் சுற்றித் தனியாக வைக்கிறோம். குழம்புச் சட்டி, அம்மிக்கல், கோழிக்கூண்டு வரை எதையும் விடுவதில்லை. ஆனால் அப்பாவின் இரத்த அழுத்த மாத்திரை எங்கே? கைக்குழந்தையின் தடுப்பூசிப் புத்தகம் எங்கே? "எங்கியாவது மூட்டைக்குள்ள இருக்கும், அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்பதுதான் பதில்.

அந்தப் "பாத்துக்கலாம்" என்ற சொல்லில்தான் ஆபத்து இருக்கிறது. வேலைக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் கெடா, பேராக், பகாங், நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்து கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் வரும் குடும்பங்கள் இன்றும் உண்டு. நீங்கள் எந்த மாநிலத்துக்குப் போனாலும் உங்கள் நோய் உங்களோடு வரும். டிக்கெட் கேட்காது, லாரியில் இடம் கேட்காது. ஆனால் அந்த நோய்க்கான வைத்தியம் தானாக வராது. அதை நீங்கள்தான் கையோடு கொண்டுவர வேண்டும். இந்த மாதம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

ஊர் மாறுவது நமக்குப் புதிதல்ல

நம் பாட்டனார் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கியவர்கள். அன்று புது மண் அவர்களுக்குக் கொடுத்த முதல் பரிசு காய்ச்சல். 1901ஆம் ஆண்டு கிள்ளானுக்குப் பக்கத்தில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டபோது, சுற்றிலும் சதுப்பு நிலமும் காடும். வேலைக்கு வந்தவர்கள் மலேரியாவில் படுத்துவிட்டார்கள். துறைமுகமே நின்றுவிடும் என்ற நிலை. அதே ஆண்டில் கிள்ளானுக்கு வந்த அரசாங்க டாக்டர் மால்கம் வாட்சன் என்பவர், சதுப்பு நீரை வடித்துக் காட்டைத் துப்புரவாக்கினால் கொசு ஒழியும், காய்ச்சல் குறையும் என்று வாதாடிச் செய்து காட்டினார். காய்ச்சல் குறைந்தது. துறைமுகம் பிழைத்தது. அதுதான் 1972இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியது.

பிறகும் நம் மக்கள் ஓரிடத்தில் நிலைத்துவிடவில்லை. 1950ஆம் ஆண்டுகளில் ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். அந்தத் துண்டாடலில் வேலையும் வீடும் சேர்ந்தே போயின. தொழிலாளர் காசில் தோட்டத்தை வாங்குவோம் என்று துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். அவர் பெயரில்தான் பிரிக்பீல்ட்ஸ் நடுவே ஜாலான் துன் சம்பந்தன் இருக்கிறது. அதற்குப் பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஆள் குறைந்தது. பிறகு தோட்டங்களே வீடமைப்புத் திட்டங்களாயின. பெராங் பெசார் முதலான தோட்டங்கள் இருந்த மண்ணில் இன்று புத்ராஜெயா நிற்கிறது. அங்கிருந்த குடும்பங்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குப் போனார்கள்.

இதில் நாம் படிக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. புது இடத்தில் முதல் சில மாதங்கள்தான் உடம்புக்குச் சோதனையான காலம். அன்று மலேரியா சோதித்தது. இன்று சோதிப்பது வேறு.

எல்லை தாண்டினால் ஆஸ்பத்திரி கதவு மூடுமா?

மூடாது. இதை முதலில் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். நம் நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரிகளும் சுகாதார கிளினிக்குகளும் மத்திய அரசின் சுகாதார அமைச்சின் கீழ் இருக்கின்றன. "நீ பேராக்காரன், இங்க மருந்து இல்ல" என்று கிள்ளானில் யாரும் சொல்ல முடியாது. குடிமக்கள் மைகார்டைக் காட்டி எந்த மாநிலத்திலும் கிளினிக்கில் 1 வெள்ளி கட்டி டாக்டரைப் பார்க்கலாம். ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க 5 வெள்ளி.

எல்லை என்பது சில வேளை நமக்குத் தெரியாமலே நடுவில் வந்து நிற்கும். 1974 பிப்ரவரி 1இல் கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமானது. அன்று முதல் பிரிக்பீல்ட்ஸிலிருந்து பெட்டாலிங் ஜெயாவுக்கு வீடு மாறுவதும் மாநிலம் மாறுவதுதான். புத்ராஜெயாவும் 2001இல் அப்படியே தனிப் பிரதேசமானது.

ஆக, கதவு திறந்திருக்கும். ஆனால் உள்ளே போனால் உங்கள் கதை அங்கே இருக்குமா என்பதுதான் கேள்வி. பத்து வருஷமாக உங்களைப் பார்த்த பழைய கிளினிக்கின் மிசிக்கு, எந்த மாத்திரை உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று தெரியும். தோட்டத்து டிரெஸ்ஸருக்கு உங்கள் அப்பாவின் காலில் ஆறாத புண் இருந்தது தெரியும். புது இடத்து டாக்டருக்கு நீங்கள் புதுமுகம். பழைய பைல் தானாக வந்து சேரும் என்று நம்பியிருக்க வேண்டாம். கம்ப்யூட்டர் காலம்தான், ஆனாலும் எல்லாக் கிளினிக்கும் இன்னும் ஒரே கம்பியில் இணைந்துவிடவில்லை.

புறப்பட ஒரு மாதம் இருக்கும்போது

முதல் வேலையாகப் பழைய கிளினிக்குக்குப் போங்கள். "நாங்க கிள்ளானுக்குப் போறோம், எங்களுக்கு மாற்றுக் கடிதம் வேணும்" என்று வாய் திறந்து கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். அது உங்கள் உரிமை. என்ன நோய், எப்போதிலிருந்து, என்ன மருந்து, எவ்வளவு, கடைசியாக இரத்தம் சோதித்ததில் என்ன வந்தது, எந்த மருந்து ஒவ்வாது ஆகிய இவ்வளவும் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும்.

அடுத்து மருந்து கொடுக்கும் கௌண்டருக்குப் போங்கள். இங்கே நம்மில் பலருக்குத் தெரியாத ஓர் ஏற்பாடு இருக்கிறது. எஸ்.பி.யு.பி. என்பார்கள். ஒருங்கிணைந்த மருந்து விநியோக முறை என்று பொருள். டாக்டர் பல மாதங்களுக்கு எழுதிக் கொடுத்த மருந்தை, அதே கிளினிக்கில்தான் மாதாமாதம் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மீதி மருந்தை வேறோர் அரசாங்கக் கிளினிக்கிலோ ஆஸ்பத்திரியிலோ வாங்கிக்கொள்ளலாம், வேறு மாநிலத்தில்கூட. எங்கே வாங்கப் போகிறீர்கள் என்று மருந்தாளரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவர் அங்கே தகவல் அனுப்பி உங்களுக்கு ஒரு கார்டு கொடுப்பார். புது இடத்தில் அந்தக் கார்டு, மருந்துச் சீட்டு, மைகார்டு மூன்றையும் காட்டினால் போதும். இதற்குச் சில நாள் பிடிக்கும். லாரி வரும் காலையில் போய்க் கேட்டால் நடக்காது. இரண்டு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கிள்ளானில் பண்டமாரான், பண்டார் பொத்தானிக் போன்ற இடங்களில் அரசாங்க சுகாதார கிளினிக்குகள் உள்ளன. பெரிய நோய்க்குத் துங்கு அம்புவான் ரஹிமா ஆஸ்பத்திரி இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போகிறவர்களுக்குத் தங்லின் கிளினிக் கிட்டத்தில். பெரிய வைத்தியத்துக்குக் கோலாலம்பூர் பொது ஆஸ்பத்திரி, லெம்பா பந்தாயில் மலாயாப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரி. உங்கள் புது வீட்டுக்கு எது பக்கம் என்று முன்னமே விசாரித்து வையுங்கள்.

சிறுநீரகம் கெட்டு டயாலிஸிஸ் செய்கிறவர்கள் வீட்டில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம். இதில் ஒன்றைத் தவறவிட்டால்கூட உயிருக்கு ஆபத்து. புது இடத்து டயாலிஸிஸ் நிலையத்தில் உங்களுக்கு நாற்காலி உறுதியாகி, செலவை யார் கட்டுவது என்பதும் உறுதியாகி, முதல் நாளும் குறித்த பிறகுதான் லாரிக்குச் சொல்ல வேண்டும். முதலில் வீடு, பிறகு டயாலிஸிஸ் என்று தலைகீழாகச் செய்யாதீர்கள்.

இடைவெளியில்தான் யமன் நிற்கிறான்

இப்படி ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவருக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபது வருஷம் மரம் வெட்டியவர், பிறகு செம்பனையில் குலை தள்ளியவர். இனிப்புநீரும் இரத்த அழுத்தமும் உண்டு. மகனுக்குக் கிள்ளானில் வேலை கிடைத்ததால் எல்லாரும் வந்தார்கள். கையில் இருந்த மாத்திரை பத்து நாளில் தீர்ந்தது. "புது இடம், கிளினிக் எங்கன்னு தெரியல, உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று ஒரு வாரம் போனது. பிறகு ஒரு மாதம் போனது. மகனுக்கு லீவு இல்லை. மருமகளுக்கு வழி தெரியாது. மூன்றாவது மாதம் ஒரு விடியற்காலை அவருக்குக் கை இழுத்துக்கொண்டது, வாய் கோணியது.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் இப்படி நடக்காத வட்டாரம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். ஏன் நடக்கிறது? இரத்த அழுத்தத்துக்கு வலி கிடையாது. மாத்திரையை நிறுத்தினால் அடுத்த நாளே மயக்கம் வந்தால் மனிதன் ஓடிப்போய் மருந்து வாங்குவான். அது அப்படிச் செய்யாது. சத்தமில்லாமல் ஏறி, இரத்தக் குழாயை நெருக்கி, மூளையில் அடைக்கும் அல்லது வெடிக்கும். இனிப்புநீரும் அப்படித்தான். கண், சிறுநீரகம், கால் நரம்பு மூன்றையும் உள்ளிருந்தே அரிக்கும்.

2023ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி இந்த நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருக்கிறது. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். இந்தியர்களிடையே விகிதம் இன்னும் அதிகம். ஆகவே வீடு மாறும் குடும்பம் ஒவ்வொன்றிலும் இந்த நோய்க்காரர் ஒருவராவது இருப்பார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒரு கணக்கை மட்டும் போட்டுவிடுங்கள்: கையில் எத்தனை நாள் மாத்திரை இருக்கிறது? புது இடத்தில் முதல் மருந்து எந்தத் தேதியில் கிடைக்கும்? இரண்டுக்கும் நடுவே ஒரு நாள்கூடக் காலியாக இருக்கக் கூடாது. புறப்படும்போது குறைந்தது ஒரு மாத மருந்து கையில் இருப்பது நல்லது.

அந்த மருந்தை லாரியில் ஏற்றாதீர்கள்! கையில் எடுத்துப் போகும் பையில் வையுங்கள். லாரி வழியில் கெட்டு நின்றால் மாத்திரையும் அதோடு நிற்கும். இன்சுலின் ஊசி போடுகிறவர்கள் அதைக் காரின் முன்பக்கம் வெயில் படும் இடத்தில் வைத்தால் கெட்டுவிடும். ஐஸ் பெட்டிக்குள் வைக்கலாம், ஆனால் ஐஸில் நேராகப் படாமல் துணியில் சுற்றி வையுங்கள். உறைந்துபோன இன்சுலினைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பிரயாண நாளில் சாப்பாடு தள்ளிப் போகும். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி வியர்க்கும், கை நடுங்கும். பிஸ்கட்டும் இனிப்பு மிட்டாயும் பையில் இருக்கட்டும்.

இன்னொரு விஷயம். மருந்தடிப்பு வேலை செய்தவர்கள் மிச்சமிருக்கும் களைக்கொல்லியைச் சோடா போத்தலில் ஊற்றிச் சமையல் சாமானோடு கொண்டுபோவது உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். பாராகுவாட் 2020 முதல் இந்த நாட்டில் தடை செய்யப்பட்ட விஷம். ஒரு வாய் போதும், ஒரு பிள்ளையின் உயிர் போக. எந்த விஷமானாலும் அது தோட்டத்து ஸ்டோரிலேயே ஒழியட்டும். ஆனால் இத்தனை வருஷம் மருந்தடித்தேன் என்ற செய்தியை மட்டும் புது டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

காசநோய்க்காரர் சொல்லாமல் போகக் கூடாது

காசநோய்க்கு மருந்து குறைந்தது ஆறு மாதம். முதல் இரண்டு மாதத்திலேயே இருமல் நிற்கும், பசி எடுக்கும், உடம்பு தேறும். "சரியாப் போச்சு" என்று தோன்றும். அப்போது ஊர் மாறி மருந்தை விட்டால், மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்ளும். பிறகு அதே மருந்து வேலை செய்யாது. வைத்தியம் இன்னும் நீளும், இன்னும் கடுமையாகும். புது வீட்டில் நெருக்கமாகப் படுக்கும் பிள்ளைகளுக்கும் பரவும்.

காசநோய் மருந்தைத் தினமும் ஒருவர் முன்னிலையில் விழுங்க வைப்பது எதற்கு? உங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் அல்ல, ஒரு நாளும் தவறக் கூடாது என்பதற்காக. ஆகவே போகும் மாவட்டத்தைச் சொல்லுங்கள். பழைய கிளினிக்கே புது மாவட்டத்துக்கு எழுதி உங்களை ஒப்படைக்கும். இதில் மறைக்க ஒன்றுமில்லை. குணமாகும் நோய் இது.

கர்ப்பிணித் தாயும் கைக்குழந்தையும்

கர்ப்பமாயிருக்கும் மருமகளுக்குக் கிளினிக்கில் கொடுத்த தாய் சுகாதாரப் புத்தகம் இருக்கிறதே, அது வெறும் புத்தகம் அல்ல. அதன் மேல் ஒட்டியிருக்கும் நிறத்தைப் பாருங்கள். வெள்ளை என்றால் சாதாரணமாகப் போகிறது, மிசியே பார்ப்பார். பச்சை என்றால் டாக்டர் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் ஸ்பெஷலிஸ்ட் பார்க்க வேண்டும். சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி. சிவப்போ மஞ்சளோ இருக்கும் தாயை டாக்டரைக் கேட்காமல் தொலைதூரப் பிரயாணத்துக்குக் கூட்டிப்போகாதீர்கள். நிறைமாதமாக இருந்தால் பிரசவம் முடிந்து போவதா, இப்போதே போய் அங்கே பதிவதா என்று முதலில் முடிவு செய்யுங்கள். எந்த ஆஸ்பத்திரியிலும் பதியாமல் வலி வந்த பிறகு ஓடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

குழந்தையின் தடுப்பூசி அட்டவணை நாடு முழுவதும் ஒன்றே. 2, 3, 5ஆம் மாதங்களில் ஆறு நோய்க்கான ஒரே ஊசி, மறுபடி 18ஆம் மாதத்தில். தட்டம்மை ஊசி 9ஆம் மாதத்திலும் 12ஆம் மாதத்திலும். ஈப்போவில் முதல் ஊசி போட்ட பிள்ளைக்குக் கிள்ளானில் இரண்டாவது ஊசி போடலாம், தடையே இல்லை. குழந்தையின் சுகாதாரப் புத்தகம் மட்டும் கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். ஊசி ஒன்று தவறிப்போனால் "மிசி திட்டுவாங்க" என்று போகாமல் இருக்காதீர்கள். விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போதே, பள்ளியில் இருக்கும் சுகாதாரப் பதிவையும் கேளுங்கள். முதலாம் ஆண்டில் பள்ளியில் போடும் ஊசியும், பெண் பிள்ளைகளுக்கு 13 வயதில் போடும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியும் பள்ளி மாறும் நேரத்தில்தான் நழுவிப் போகும்.

தோட்டத்தில் பிறந்து இன்னும் பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையோ, அடையாள அட்டைப் பிரச்சினை தீராத பெரியவரோ வீட்டில் இருந்தால், புறப்படும் முன் அந்தக் காரியத்தைத் தொடங்கிவிடுங்கள். பிரசவம் பார்த்த அம்மா, பக்கத்து லயத்துச் சாட்சி, பள்ளித் தலைமையாசிரியர், தோட்டத்து ஆபீஸ் ரெக்கார்டு எல்லாம் பழைய ஊரில்தான் இருக்கின்றன. ஊரை விட்டுப் போன பிறகு அவர்களைத் தேடிப் பிடிப்பது லேசான காரியம் அல்ல. பத்திரம் இல்லாத பிள்ளைக்கு ஆஸ்பத்திரிக் கட்டணமும் குடிமகனுக்குரியதாக இருக்காது.

வீடு பார்க்கும்போது வாடகை மட்டும் பார்க்காதீர்கள்

வாடகை மலிவு என்றவுடன் முன்பணம் கொடுத்துவிடுகிறோம். நான்கு காரியங்களை விசாரித்துவிட்டுக் கொடுங்கள்.

முதலாவது, வெள்ளம். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் முதல் மாடி வரை எட்டியதை நாடே பார்த்தது. கிள்ளானிலும் தாழ்வான பகுதிகள் பல உண்டு. வீட்டுக்காரரைக் கேட்டால் "இங்க தண்ணி வராது" என்பார். பக்கத்து வீட்டு அக்காவைக் கேளுங்கள், உண்மை வரும். வெள்ளம் வடிந்த சேற்றில் எலி மூத்திரத்தால் பரவும் காய்ச்சல் உண்டு. கால் புண் உள்ள இனிப்புநீர்க்காரர் அந்தச் சேற்றில் இறங்கவே கூடாது.

இரண்டாவது, படிக்கட்டு. லயத்து வீட்டில் வாசல் தாண்டினால் மண். அடுக்குமாடியில் நான்காவது மாடி, லிப்ட் இல்லை அல்லது பாதி நாள் வேலை செய்யாது. முழங்கால் வலிக்கார அம்மா ஒரு தடவை ஏறிவிட்டால் பிறகு இறங்கமாட்டார். கிளினிக்குக்கும் போகமாட்டார். கொஞ்சம் வாடகை கூடினாலும் வயதானவர் இருக்கும் வீட்டுக்குக் கீழ் வீடே நல்லது.

மூன்றாவது, தண்ணீர். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆற்றில் மாசு கலந்து சுத்திகரிப்பு நிலையங்களை மூடியதால் 2020இல் பல லட்சம் வீடுகளில் தண்ணீர் நின்றது. அதனால் தொட்டியிலும் பாலத்திலும் பிடித்து வைக்கும் பழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. பிடித்து வையுங்கள், ஆனால் மூடி வையுங்கள். ஏனென்றால் டெங்கிக் கொசு சதுப்பில் வளருவது அல்ல, உங்கள் வீட்டு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். நாட்டிலேயே டெங்கிக் காய்ச்சல் அதிகமாகப் பதிவாகும் மாநிலம் சிலாங்கூர். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாள் பிடிக்கும். ஆகவே வாரத்தில் ஒரு நாள் தொட்டி, பூச்சட்டி, குளிர்பெட்டியின் அடித்தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். ஆஸ்பிரின், உடம்புவலி மாத்திரை வேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சல் இறங்கிய நாளில் "தப்பிச்சோம்" என்று இருந்துவிடாதீர்கள். அந்த நேரத்தில்தான் டெங்கி மோசமாகும். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், அளவு கடந்த சோர்வு இருந்தால் உடனே ஆஸ்பத்திரி.

நான்காவது, காற்று. கிள்ளான் பக்கம் கரிமண் காடு தீப்பிடித்தால் புகை ஊரை மூடும். 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி அவசர நிலையே அறிவித்தார்கள். வீட்டில் ஆஸ்துமா பிள்ளை இருந்தால் இழுப்பு மருந்து தீரும் வரை காத்திராதீர்கள். தொழிற்சாலைக்கும் பெரிய லாரிகள் ஓடும் சாலைக்கும் ஒட்டிய வீட்டைக் கூடுமானவரை தவிருங்கள்.

போய்ச் சேர்ந்த முதல் வாரம்

சாமான் இன்னும் மூட்டையில் இருந்தாலும் பரவாயில்லை, முதல் வாரத்திலேயே ஒரு நாள் கிளினிக்குக்குப் போய்வந்துவிடுங்கள். நோய் வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன். பெயரைப் பதிந்து, கடிதத்தைக் கொடுத்து, அடுத்த தேதியை வாங்குங்கள். மைசெஜாத்ரா செயலியில் முன்பதிவு செய்யும் வசதி பல கிளினிக்குகளில் உண்டு. பிள்ளைகளைச் செய்து கொடுக்கச் சொல்லுங்கள்.

மைகார்டில் முகவரி மாற்றத்தை 30 நாளுக்குள் பதிவிலாகாவில் செய்ய வேண்டும். சமூகநல இலாகா உதவிப்பணம் வாங்கும் முதியவர்களும் உடற்குறையுடையோரும் பழைய மாவட்ட ஆபீஸில் சொல்லிவிட்டு வரவேண்டும். இல்லையேல் பணம் நின்ற பிறகு அலைய நேரிடும். அரசாங்க ரொக்க உதவி பெறும் குடும்பத்தில் 40 வயது தாண்டியவர்களுக்குப் பெக்கா பி40 திட்டத்தில் இலவச உடல் பரிசோதனை உண்டு. எந்த மாநிலத்திலும் செய்யலாம்.

கண் மங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. இனிப்புநீரால் பார்வை குறைவது மெல்ல மெல்ல நடக்கும். ஆண்டுக்கு ஒரு தடவை கண்ணின் உட்பகுதியைச் சோதிக்கக் கேளுங்கள். பார்வை போய்விட்டது என்று மூலையில் உட்கார வேண்டாம். பிரிக்பீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. தொழிலும் நடமாட்டமும் கற்றுக்கொடுக்கிறார்கள்.

தோட்டத்தில் வேலைக்கு நடந்து போனவர் இனி மோட்டார் சைக்கிளில் பெடரல் நெடுஞ்சாலையில் போகப் போகிறார். வீட்டுக்கும் வேலைக்கும் இடையே நடக்கும் விபத்துக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. அதற்கு முதலாளி சந்தா கட்டியிருக்க வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் மாதமே சம்பளச் சீட்டில் சொக்சோ பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். விபத்து நடந்தால் உடனே முதலாளிக்குச் சொல்லுங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். அவசரத்துக்கு 999. புது வீட்டின் முழு முகவரியை மலாயில் எழுதிக் கதவின் பின்னால் ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் தாமான் பெயர் வாயில் வராது.

மனசும் ஊர் மாறுகிறது

உடம்பைப் பற்றிச் சொன்னோம். மனசும் உண்டல்லவா? நாற்பது வருஷம் பிரட்டுச் சத்தத்தில் எழுந்த தாத்தாவுக்கு அடுக்குமாடியில் விடியற்காலை என்ன வேலை? கோயில் திருவிழா, கள்ளங்கபடமில்லாத அக்கம்பக்கம், கொல்லைக் கீரை எல்லாம் ஒரே நாளில் போய்விடுகின்றன. பேசாமல் இருப்பார், தூங்கமாட்டார், சாப்பாடு வேண்டாம் என்பார். சிலர் குடியில் விழுவார்கள். "வயசான காலத்தில இப்படித்தான்" என்று தள்ளிவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கிளினிக்கில் சொல்லுங்கள். மனச்சோர்வும் ஒரு நோய், அதற்கும் வைத்தியம் உண்டு. பக்கத்துக் கோயிலுக்கோ கடைத்தெருவுக்கோ தினமும் ஒரு தடவை நடத்திக் கூட்டிப்போங்கள். கால்வலியும் குறையும், மனசும் லேசாகும்.

பெற்றோரைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டுப் பிள்ளைகள் மட்டும் போவதும் உண்டு. அப்படியானால் அவர்கள் மருந்து வாங்கும் தேதியை உங்கள் சுவரில் தொங்கும் காலண்டரிலும் குறித்து வையுங்கள். அந்த நாளில் போன் போட்டு, "அம்மா, சாப்பிட்டியா?" என்று கேட்பதோடு "மாத்திரை வாங்கியாச்சா?" என்றும் கேளுங்கள்.

வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்

ஒரே ஒரு பையைத் தனியாக வையுங்கள். அதில் இருக்க வேண்டியவை:

1. எல்லாருடைய மைகார்டு, பிறப்புப் பத்திரம், அவற்றின் நகல்
2. டாக்டரின் மாற்றுக் கடிதம், கடைசி இரத்தப் பரிசோதனைச் சீட்டு
3. மருந்துச் சீட்டு, எஸ்.பி.யு.பி. கார்டு
4. ஒரு மாத மருந்து, அதன் உறையோடு
5. தாய், குழந்தை சுகாதாரப் புத்தகங்கள்
6. மூக்குக் கண்ணாடி, பல் செட், இழுப்பு மருந்து
7. யாருக்கு எந்த மருந்து ஒவ்வாது என்று எழுதிய காகிதம்

இந்தப் பை லாரியில் ஏறக் கூடாது. வீட்டில் பொறுப்பான ஒருவர் மடியில் இருக்க வேண்டும்.

நல்ல வேலை தேடி, பிள்ளைகளின் படிப்பைத் தேடி ஊர் மாறுகிறீர்கள். தாராளமாகப் போங்கள். போன இடத்தில் அந்தச் சம்பளத்தை எண்ணி வாங்க உடம்பு வேண்டாமா? அடுத்த மாதம் புறப்பட இருப்பவர்கள் இந்த வாரமே கிளினிக்குக்கு ஒரு நடை போய்வாருங்கள். பக்கத்து வீட்டார் யாராவது மூட்டை கட்டிக்கொண்டிருந்தால் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள்.